கடனே வாங்காதவர்களுக்குக் கடன் கிடையாதாம், என்னதான் செய்வது?

நிலாமுற்றம்

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இன்று வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

ஒன்பது வருடமாகச் சொந்தமாகத் தையல் தொழில் செய்கிறேன். கணினியில் வடிவத்தைக் கொடுத்தால் தானே பூவேலை போடும் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று மூன்று வருடம் சேர்த்ததில் பாதிப் பணம் கையில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கே போனேன். வரவு செலவு, ஆர்டர் புத்தகம், வரி கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி எடுத்துக்கொண்டுதான் போனேன். அங்கிருந்த அதிகாரி அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. என் அடையாள எண்ணைத் தட்டினார், கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். மேலே என் பெயர், பிறந்த தேதி, முகவரி. கீழே கட்டம் கட்டமாக எல்லாம் காலி. "உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லையே மேடம்" என்றார். வாங்கி ஏமாற்றியவளைக்கூட அப்படிச் சந்தேகமாகப் பார்த்திருக்க மாட்டார்.

நான் கடனே வாங்கியதில்லை சார் என்றேன். அதுதான் பிரச்சினை, எங்காவது சின்னதாக ஒரு கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிவிட்டு வாருங்கள் என்றார். சரி, அந்தச் சின்னக் கடனை நீங்களே கொடுங்களேன் என்றால், அதற்கும் ஹிஸ்டரி வேண்டுமாம்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான். ஒன்பது வருடத்தில் கடை வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை, நூல் கொடுப்பவருக்குப் பாக்கி வைத்ததில்லை. இதெல்லாம் எங்குமே எழுதப்படாதா? இங்கே யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

கறார்பேர்வழி

கிடைக்காதது நல்லதுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதியைச் சேர்க்க மூன்று வருடம் ஆனது என்றால் மீதியும் மூன்று வருடத்தில் சேர்ந்துவிடும். வட்டி மிச்சம்.

நிலாமுற்றம்

மூன்று வருடம் கழித்து மெஷின் இதே விலையில் இருக்குமா சார்? அதுவரை வருகிற பூவேலை ஆர்டரையெல்லாம் வெளியே கொடுத்து வாங்குகிறேன், அதில் போகிற கூலி வட்டியைவிட அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

வட்டிக்கணக்கன்

அம்மா, நான் 26 வருடம் கடன் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். அந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அதிகாரிக்கு உங்கள் மேல் தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இருந்திருக்காது. நல்ல ஸ்கோர், அதாவது கடன் கட்டிய பழக்கத்துக்குப் போடும் மதிப்பெண், உள்ள ஒருவருக்குக் கடன் கொடுத்து அது வாராக்கடனாகிவிட்டால், ஆடிட்டில் கேட்கும்போது இதோ ஸ்கோர் என்று காட்டித் தப்பிக்கலாம். காலிப் பக்கத்தை நம்பிக் கொடுத்து அது போய்விட்டால், யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்ற கேள்விக்கு அவரிடம் காகிதம் எதுவும் கிடையாது. ஆகவே உங்கள் ஃபைலைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பத்திரம். திறந்து படித்துவிட்டால் முடிவெடுக்க வேண்டி வருமே!

இரண்டாவது விஷயம், காலிப் பக்கம் என்பது ஒரே ஒரு அர்த்தம் உள்ளதல்ல. கடன் பக்கமே போகாதவருக்கும் காலிதான், முன்னொரு காலத்தில் வாங்கி மூழ்கி, பதிவு வைத்திருக்க வேண்டிய வருடங்கள் முடிந்து அழிக்கப்பட்டவருக்கும் பல நாடுகளில் காலிதான். ஜப்பானில் முப்பது நாற்பது வயதாகியும் கடன் பதிவே இல்லாதவரை 'சூப்பர் ஒயிட்' என்று சொல்வார்கள். அவ்வளவு வெள்ளையாக இருப்பதே அங்கே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது, ஏனென்றால் கறுப்பு வெளுத்துப்போய் வெள்ளையானதா, பிறவியிலேயே வெள்ளையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

தெரியாத ஆளுக்குக் கூடுதல் வட்டி போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இதற்கு 1981இல் ஸ்டிக்லிட்ஸ், வைஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரையில் பதில் சொன்னார்கள். வட்டியை ஏற்ற ஏற்ற, கட்டும் எண்ணம் உள்ளவர்தான் முதலில் எழுந்து போவார். எப்படியும் கட்டப்போவதில்லை என்று இருப்பவருக்கு வட்டி எவ்வளவாக இருந்தால் என்ன? கடைசியில் வங்கி முன்னால் நிற்பது யாரை வடிகட்ட நினைத்தார்களோ அவர்களாகவே இருக்கும். அதனால் வட்டியை ஏற்றிக் கொடுப்பதைவிட இல்லை என்று சொல்லிவிடுவதே வங்கிக்கு லாபம். ஸ்டிக்லிட்ஸுக்கு 2001இல் நோபல் கிடைத்தது இந்த மாதிரி ஒருபக்கத்துக்கு மட்டும் தெரிந்த தகவல் பற்றிய ஆய்வுகளுக்காகத்தான்.

வழி பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

சின்னத்தம்பி

எனக்கும் இதே பிரச்சினைதான், படிப்பு முடித்து எட்டு மாதம் ஆகிறது. ஆப்பில் ஐந்து நிமிடத்தில் சின்னக் கடன் தருகிறார்களே, அதை வாங்கிக் கட்டினால் ஹிஸ்டரி வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வாங்கலாமா?

தூரதேசத்தான்

வேண்டாம் தம்பி. ஆப் உன் போனில் இருக்கிற தொடர்பு எண்களைக் கேட்கிறதா என்று முதலில் பார். கேட்டால் அங்கேயே மூடிவிடு, தவணை ஒரு நாள் தள்ளினால் உன் முன்னாள் பேராசிரியருக்குப் போன் போகும். அதைவிட முக்கியம், அந்த மாதிரி ஆப்கள் பலவும் நீ ஒழுங்காகக் கட்டியதைப் பணியகத்துக்கு, அதாவது எல்லாருடைய கடன் பதிவையும் சேர்த்து வைக்கும் நிறுவனத்துக்கு, தெரிவிப்பதே இல்லை. தவறினால் மட்டும் தெரிவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பணமும் போய் பலனும் இல்லை.

நிலாமுற்றம் சகோதரி, என் கதை உங்களுக்கு நேர்மாறானது, ஆனால் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். ஒரு நாட்டில் வீட்டுக்கடன், வண்டிக்கடன், இரண்டு கார்டு என்று ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவன் நான். வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனதும் மாதாந்திர பில் வரும் போன் இணைப்புகூடத் தர மாட்டேன் என்றார்கள், முன்பணம் கட்டி ரீசார்ஜ் செய்துகொள் என்றார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற பணியகங்கள் எல்லாம் பல நாடுகளில் ஒரே பெயரில் நடக்கின்றன. ஆனால் ஒரு நாட்டுக் கோப்பு அடுத்த நாட்டுக் கோப்போடு பேசாது. தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் வேறு, எண் வேறு, ஸ்கோர் போடும் முறை வேறு. 41 வயதில் புதிதாகப் பிறந்தேன்.

நான் அப்போது செய்தது, பழைய வங்கியிடமிருந்து கடன் முடிந்த சான்றும் நடத்தைக் கடிதமும் வாங்கி, பெரிய வங்கிகளை விட்டுவிட்டு உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள் கடிதத்தை முழுவதும் படித்தார். படித்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இரட்டைக்கோடு

எல்லாரும் வழி சொல்வதற்கு முன்னால் ஒன்று: அந்தக் காலிப் பக்கம் உண்மையிலேயே காலிதானா என்று பாருங்கள். எனக்கும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆறு வருடம் ஒரு கடனைக் கட்டி முடித்தவனுக்கு எப்படி இல்லாமல் போகும் என்று பணியகத்திடமிருந்து என் கடன் அறிக்கையை நானே வாங்கிப் பார்த்தேன். பழைய கடன் கொடுத்தவர்கள் என் பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், பெயரிலும் ஒரு எழுத்து கூடுதல். பணியகத்தின் கணினி என்னை இரண்டு ஆளாக்கிவிட்டது. நல்லபிள்ளையான நான் வேறொரு கோப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன்! புகார் கொடுத்து இரண்டையும் சேர்க்க ஒன்றரை மாதம் ஆனது.

பல நாடுகளில் வருடத்துக்கு ஒரு முறையாவது அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, அந்தப் பயத்தில் பார்க்காமல் இருக்காதீர்கள்.

நிலாமுற்றம்

நான் எங்குமே வாங்கியதில்லை என்பதால் காலி உண்மைதான் என்று நினைக்கிறேன், இருந்தாலும் வாங்கிப் பார்த்துவிடுகிறேன். ஸ்கோர் பூஜ்யம் என்று வருமா?

வட்டிக்கணக்கன்

பூஜ்யம் என்று ஒரு ஸ்கோர் கிடையாது. அமெரிக்க ஃபைகோ 300இல் தொடங்கி 850 வரை, இந்தியாவின் சிபில் 300 முதல் 900 வரை. பதிவே இல்லாவிட்டால் சிபிலில் -1 என்று காட்டும். அது மோசமான மதிப்பெண் என்று நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். பரீட்சை எழுதாதவருக்கு ஆப்சென்ட் போடுவது போலத்தான் அது, ஃபெயில் இல்லை.

ஃபைகோவில் ஸ்கோர் வர வேண்டுமானால் குறைந்தது ஆறு மாதம் பழைய கணக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், கடந்த ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு கணக்கிலிருந்து தகவலும் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் முன் கடன் கட்டி முடித்துவிட்டு அப்புறம் எதையும் தொடாதவரும் திரும்பக் கண்ணுக்குத் தெரியாதவராகிவிடுவார்.

இனி வழி. எல்லா வழியிலும் தத்துவம் ஒன்றுதான், முதல் கடனை உங்கள் சொந்தப் பணத்தையே பிணையாக வைத்து வாங்குவது.

வைப்புத்தொகை கார்டு என்று ஒன்று உண்டு. ஒரு தொகையை டெபாசிட் போடுங்கள், அந்த அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோ லிமிட் வைத்துக் கார்டு தருவார்கள். நீங்கள் கட்டாவிட்டால் டெபாசிட்டில் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஹிஸ்டரி கேட்கும் வேலையே பெரும்பாலும் இல்லை. பிறகு, டெபாசிட்டின் மேலேயே சின்னக் கடன். பிறகு, சில நாடுகளில் கடனைத் தலைகீழாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, கடன் தொகை உங்கள் கைக்கு வராமல் பூட்டிய கணக்கில் கிடக்கும், நீங்கள் மாதாமாதம் தவணை கட்டி முடித்ததும் பூட்டைத் திறந்து கொடுப்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஏட்டில் ஏறுவது பணம் அல்லவே, தவணை கட்டிய பழக்கம்தானே.

இதில் எதைச் செய்தாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கணக்கின் விவரத்தை மாதாமாதம் பணியகத்துக்கு அனுப்புவீர்களா?" அனுப்ப மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

கறார்பேர்வழி

எனக்கு இதில்தான் ஆத்திரம். என் பணத்தை என்னிடமே வாங்கி வைத்துக்கொண்டு, அதை எனக்கே கடனாகக் கொடுத்து, நான் கட்டுகிறேனா என்று பரீட்சை வேறு வைப்பீர்களா? எந்த ஊர் நியாயம் இது?

பிரான்சில் இப்படிக் கிடையாது, தெரியுமா? அங்கே நாட்டின் மத்திய வங்கியான பிரான்ஸ் வங்கியிடம் இருப்பது தவறியவர்கள் பட்டியல் மட்டும்தான். அதில் பெயர் இல்லாவிட்டால் நீங்கள் சுத்தமானவர். ஒழுங்காகக் கட்டுபவர்களின் கடனையும் சேர்த்துப் பதிய ஒரு பதிவேடு கொண்டுவரப் பார்த்தார்கள், 2014இல் அங்குள்ள அரசியலமைப்பு மன்றம் தனிமனித அந்தரங்கத்துக்கு அளவுக்கு மீறிய இடையூறு என்று அதை அடித்துவிட்டது. கடன் வாங்காமல் இருப்பது அங்கே குற்றமில்லை.

வட்டிக்கணக்கன்

உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அதிகாரி வேறு காகிதத்தைக் கேட்பார். நிரந்தர வேலையா, கடந்த மாதங்களின் வங்கி வரவு செலவைக் காட்டு என்பார். வீட்டுக்கடன் என்றால் வருமானத்தில் 35 சதவீதத்துக்கு மேல் தவணை போகக்கூடாது என்று 2022 முதல் கட்டாய விதி, குறைந்த அளவு விலக்குதான் உண்டு. சொந்தத் தொழில் செய்யும் நிலாமுற்றம் அம்மா அங்கே போயிருந்தால் திரை காலி என்று சொல்லியிருக்க மாட்டார்கள், நிரந்தரச் சம்பளம் இல்லையே என்று இழுத்திருப்பார்கள். ஒரு கதவு திறந்தால் இன்னொன்று.

ஆனாலும் உங்கள் ஆத்திரத்தில் பாதி எனக்கும் உண்டு. இத்தனை வருடம் இதே மேஜையில் உட்கார்ந்து எத்தனை நல்ல மனிதர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் தூக்கம் வராது.

சாம்பல்குருவி

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்கடன் அவர் பெயரில், கார்டு அவர் பெயரில், வண்டி அவர் பெயரில். தவணை போனது என் சம்பளக் கணக்கிலிருந்து, பதினான்கு வருடம். அவர் இறந்த பிறகு நான் ஒரு சின்னக் கடனுக்குப் போனபோது கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியவில்லை. பதினான்கு வருடம் நான் கட்டியதெல்லாம் அவர் பெயரில் நல்ல பேராகச் சேர்ந்து, அவரோடே போய்விட்டது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இது சர்வசாதாரணம். கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயரில் கார்டு தரக் கணவனின் கையெழுத்துக் கேட்பார்கள். 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்த பிறகுதான் பாலினத்தையும் மணநிலையையும் காட்டி மறுக்கக்கூடாது என்று ஆனது. சட்டம் வந்தது சரி, ஆனால் கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கோப்பில்தானே ஏறும், அதைச் சட்டம் என்ன செய்யும். இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இருந்தால், அடுத்த கடனில் கூட்டுக் கடன்தாரராகப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்தால் போதும் என்று ஏமாறாதீர்கள், பல இடங்களில் அது முதன்மைக் கார்டுக்காரர் கணக்கில்தான் சேரும்.

நிலாமுற்றம்

சாம்பல்குருவி அக்கா, படித்ததும் மனசு கனத்துவிட்டது.

சின்னத்தம்பி

ஒரு சந்தேகம். வாடகை, மின்கட்டணம், போன் பில் இதெல்லாம் ஏன் கணக்கில் வருவதில்லை? நிலாமுற்றம் அக்கா கேட்டதும் அதுதானே, யாரும் பதில் சொல்லவில்லை.

தூரதேசத்தான்

நல்ல கேள்வி. வேடிக்கை என்னவென்றால் ஜெர்மனியில் இந்த வியாபாரம் ஆரம்பித்ததே மின்கட்டணத்தில்தான். பெர்லினில் பேவாக் என்ற மின்சார நிறுவனம் மின்சாதனங்களைத் தவணைக்குக் கொடுத்தது. மின்கட்டணம் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பது அவர்கள் ஏட்டிலேயே இருந்தது, அதைப் பார்த்துத்தான் ஆளை எடைபோட்டார்கள். அந்த யோசனையிலிருந்து 1927இல் பிறந்ததுதான் இன்று அந்த நாட்டையே ஆட்டிவைக்கும் ஷூஃபா என்ற கடன் பதிவு நிறுவனம்.

ஏன் எல்லா இடத்திலும் வாடகை ஏறவில்லை என்றால், தெரிவிக்க ஆள் இல்லை. வங்கிக்குச் சட்டக் கட்டாயமோ ஒப்பந்தமோ இருக்கிறது, ஒரே ஒரு கடையை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளருக்கு என்ன இருக்கிறது? சில நாடுகளில் வாடகையைத் தெரிவிக்கும் சேவைகள் வந்துவிட்டன. கென்யாவில் 2012இல் வந்த எம்-ஷ்வாரி என்ற சேவை, கைப்பேசியில் பணம் அனுப்பிப் பெற்ற பழக்கத்தைப் பார்த்தே வங்கிப் பக்கமே போகாதவர்களுக்குச் சின்னக் கடன் கொடுக்க ஆரம்பித்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது சீட்டு சமாச்சாரம். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க இருக்கிறது, மெக்சிகோக்காரர்கள் டாண்டா என்பார்கள். அதில் ஒழுங்காகக் கட்டுபவர் வேறு யாரைவிடவும் நாணயமானவர், ஆனால் ஏட்டில் ஏறாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மிஷன் அசெட் ஃபண்ட் என்ற அமைப்பு அந்தச் சீட்டையே எழுத்துபூர்வமான வட்டியில்லாக் கடனாக்கி, ஒவ்வொரு தவணையையும் பணியகத்துக்கு அனுப்புகிறது. மக்களிடம் நாணயம் முன்பே இருந்தது, அதற்கு ஒரு காகிதத்தைச் செய்துகொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கறார்பேர்வழி

அப்படியே மெசேஜ், சமூக வலைத்தளம், யாரோடு பேசுகிறாய் என்பதையும் பார்த்து ஸ்கோர் போடட்டும். காலியாக இருப்பதே மேல்.

தூரதேசத்தான்

அந்தப் பயம் நியாயமானதுதான் அண்ணா. எதைத் தரவேண்டும் என்பதை நாம் முடிவுசெய்யும்வரை சரி, அவர்களே தோண்ட ஆரம்பித்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

சின்னத்தம்பி

இன்னொன்று, வைப்புத்தொகை கார்டு எடுத்தால் மினிமம் டியூ மட்டும் கட்டிவிட்டு மீதியைக் கொஞ்சம் வைத்திருந்தால்தான் ஸ்கோர் ஏறும் என்று என் அறை நண்பன் அடித்துச் சொல்கிறான்.

வட்டிக்கணக்கன்

உன் நண்பனை என்னிடம் அனுப்பு தம்பி! வட்டி கட்டினால் ஸ்கோர் ஏறும் என்பதைப் போல ஒரு பொய் கிடையாது. முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டு. ஒரு ரூபாய்கூட வட்டி போகாமலே ஹிஸ்டரி உண்டாகும்.

இதில் நுணுக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. கார்டில் இரண்டு தேதி உண்டு. பில் போடும் தேதி ஒன்று, கட்ட வேண்டிய கெடு ஒன்று. பணியகத்துக்குப் பெரும்பாலும் போவது பில் போட்ட அன்று இருந்த பாக்கி. லிமிட் 100 என்று வை. மாதம் 80 செலவு செய்து, பில் வந்த பிறகு கெடுவுக்குள் முழுவதையும் கட்டுகிறாய். உன் மேல் தப்பே இல்லை. ஆனால் ஏட்டில் என்ன ஏறும் தெரியுமா, 'லிமிட்டில் 80 சதவீதம் எடுத்திருக்கிறான்' என்றுதான். கைநெருக்கடி உள்ளவன் என்று கணினி நினைக்கும். அதனால் பில் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, பில்லில் 10, 15 மட்டும் நிற்கும்படி பார்த்துக்கொள். லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாதே என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, குறைய இருந்தால் இன்னும் நல்லது.

ஃபைகோ வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் பங்கீட்டில் தவறாமல் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறாய் என்பதற்கு 30, கணக்கின் வயதுக்கு 15, புதிதாக எத்தனை கடன் கேட்டாய் என்பதற்கும் எத்தனை வகைக் கடன் என்பதற்கும் பத்துப் பத்து. மற்ற நாட்டு ஸ்கோர்களில் எண் மாறும், வரிசை பெரிதாக மாறாது. அந்த 'புதிதாகக் கேட்டது' இருக்கிறதே, அதில்தான் கோபக்காரர்கள் மாட்டுகிறார்கள். ஒரு வங்கி மறுத்ததும் அதே வாரத்தில் நாலு வங்கியில் போட்டுப் பார்ப்பார்கள், நாலு விசாரணையும் ஏட்டில் வரிசையாக நிற்கும். ஐந்தாவது அதிகாரி அதைப் பார்த்து, நாலு பேர் கொடுக்காததை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பார்.

நிலாமுற்றம்

ஐயோ சார். நான் போன வாரம் இரண்டு இடத்தில் ஆன்லைனில் போட்டுவிட்டேனே.

வட்டிக்கணக்கன்

பரவாயில்லை, இதோடு நிறுத்துங்கள். அதன் பாதிப்பு சிறியது, மாதங்கள் போகப் போகத் தேயும்.

சாம்பல்குருவி

இந்தியாவில் இருப்பவர்களுக்காக ஒன்று. முதல்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நிதியமைச்சகமும் அதே வருடம் மக்களவையில் இதைச் சொன்னது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் சில இடங்களில் குரல் மாறும்.

இரட்டைக்கோடு

காசு வாங்கிக்கொண்டு ஒரே மாதத்தில் ஸ்கோர் உண்டாக்கித் தருகிறோம் என்று தனிச்செய்தி அனுப்புகிறவர்களை நம்பாதீர்கள், இந்த இழையைப் பார்த்துவிட்டு எனக்கே இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள்.

நெறியாளர்

அந்த இரண்டு கணக்குகளும் நீக்கப்பட்டன.

நிலாமுற்றம் (எட்டு மாதம் கழித்து)

இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும், நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அறிக்கையை வாங்கிப் பார்த்தேன், காலி உண்மையான காலிதான். மெஷினுக்காகச் சேர்த்ததில் ஒரு சின்னப் பகுதியை டெபாசிட் போட்டுக் கார்டு எடுத்தேன். எடுக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் போன இடத்தில் அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து 'தெரியவில்லை' என்றார், வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் ஆமாம் என்று எழுதியே கொடுத்தார்கள். நூலும் பாபினும் மட்டும் அதில் வாங்குவது, பில் தேதி 18 என்பதால் 15ஆம் தேதி காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகக் கட்டிவிடுவது. சுவரில் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் 15ஐச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள்.

ஏழாவது மாதம் திரையில் எண் வந்தது. ரொம்பப் பெரிய எண் இல்லை. ஆனால் கட்டங்களில் ஏதோ எழுதியிருந்தது, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பு போன வங்கிக்குப் போகவில்லை. தூரதேசத்தான் அண்ணா சொன்னதை வைத்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, அதே ஃபைலைக் கொண்டுபோனேன். செயலாளர் ஆர்டர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஒரு இடத்தில் நிறுத்தி இந்த மாதம் ஏன் குறைவு என்று கேட்டார். கை முறிந்திருந்தது என்றேன். அந்த மாத வாடகை ரசீது எங்கே என்றார். எடுத்துக் காட்டினேன். கேட்ட தொகையில் முக்கால் பங்கு கொடுத்தார்கள், மெஷினையே அடமானமாக எழுதிக்கொண்டார்கள். வட்டி நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம். மீதிக் கால் பங்குக்கு விற்பனையாளரிடம் மூன்று மாத அவகாசம் கேட்டு வாங்கினேன்.

மெஷின் வந்து பதினோரு நாள் ஆகிறது. கறார்பேர்வழி சார் திட்டுவார் என்று தெரியும்.

கறார்பேர்வழி

திட்டவில்லை. தவணை முடிந்ததும் முடிந்தது என்ற சான்றை மறக்காமல் வாங்குங்கள். அடமானத்தையும் ரத்து செய்து எழுதி வாங்குங்கள். அதற்கு அப்புறம் வாங்காதீர்கள்.

சாம்பல்குருவி

கால் பங்குக்கு வாங்கிய மூன்று மாத அவகாசம் எழுத்தில் இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றே ஒரு மெசேஜிலாவது உறுதி செய்துகொள்ளுங்கள். பூவேலை போட்ட படம் ஒன்று போடுங்களேன்.

நிலாமுற்றம்

வாய்மொழிதான் அக்கா, இன்றே அனுப்பிவிடுகிறேன். படம் சாயங்காலம் போடுகிறேன், இப்போது நூல் அறுந்து நிற்கிறது. வட்டிக்கணக்கன் சார், ஒன்று மட்டும். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

வட்டிக்கணக்கன்

கேளுங்கள் அம்மா. ஒரு வருடம் வேண்டாம், ஒன்பதாவது தவணை கட்டிய அன்றே கேளுங்கள், அதுவும் கடிதமாக. தலையாட்டிவிட்டு மறந்துபோவதற்கு நாங்களெல்லாம் தனிப் பயிற்சி எடுத்தவர்கள்.